சில்லு வைச்ச பல்லக்கு

என்ரை தம்பி ஐஸ் ஹொக்கி விளையாடிச் சம்பளம் எடுக்கிறவன் எண்டால் எங்கடை ஆக்கள் நம்பாயினம். "அதுசரி, வேலை என்ன செய்யிறார்?" எண்டு கேப்பினம். அதுதானப்பா வேலை. போன வருசம் ஒரு ஆட்டத்திலை மற்ற அணிக்காரன் ஒருத்தன் பின்னாலை வந்து மட்டையாலை போட்ட போட்டிலை வலத்தோள் நொருங்கி, அந்த வேலையும் போச்சு.

தம்பி வழக்குப் போட்டான். காசு தாறம், கதையை முடிப்பம் எண்டு அந்தப் பக்கத்தார் கேட்டுப் பார்த்தினம். இவன் அசையேல்லை. வேணுமெண்டுதான் அடிச்சனான் எண்டு அடிச்சவன் தன்ரை வாயாலை சொல்லவேணும், அவ்வளவுதான். அவனோ, ஓட்டத்திலை தற்செயலாப் பட்டது எண்டே நிண்டான். எனக்கெண்டால் விசர். காசை வாங்கிக்கொண்டு, வரேக்கை அவன்ரை காரிலை ஒரு கீறல் போட்டிட்டு வாடா எண்டன். தம்பி சிரிக்கேல்லை.

இதுக்குள்ளை என்ரை மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வந்துது. பிரெடெரிசியாவிலை மண்டபம் எடுத்து, மகளைப் பல்லக்கிலை கொண்டுவாறதெண்டு முடிவு. பல்லக்குத் தூக்கத் தாய்மாமன் வேணும், எனக்கு இருக்கிறதோ ஒரே தம்பி. தோள் ஏலாதெண்டு டேனிஷிலை முணுமுணுத்தான். சும்மா கையை வைச்சுக்கொண்டு நட எண்டு அதட்டினன். வீடியோக்காரன் விண்ணன். படத்திலை பார்த்தால் தம்பி முழுப் பாரத்தையும் தோளிலை சுமக்கிறமாதிரியே கிடந்துது. எனக்குப் பெருமை தாங்கேல்லை. "மருமகளைத் தோளிலை சுமந்த தாய்மாமன்" எண்டு எழுதி, உலகம் முழுக்கப் பாக்கிறமாதிரி இன்ரநெற்றிலை போட்டுவிட்டன்.

பிறகு ஓகூஸ் நகரத்திலை வழக்குச் சமரசப் பேச்சு. துணைக்கு ஒரு ஆள் வரலாம் எண்டதாலை ஹோர்சன்ஸிலை ரெயின் ஏறி நானும் போனன். உள்ளை வாயே திறக்கக்கூடாது எண்டு தம்பிக்கு வாதாடுற லோயரம்மா என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவ. என்னைப்பற்றி ஆரோ வத்தி வைச்சிருக்கினம்.

மேசைக்கு அங்காலை அடிச்சவன். கதவளவு ஆள், முகம் மட்டும் பச்சைப்பிள்ளை. கோப்பி குடிச்சு முடிய, அவன்ரை லோயர் ஆறுதலா லப்டொப்பை எங்கடை பக்கம் திருப்பினார். பார்த்தால் என்ரை வீடியோ. நான் எழுதினதைக்கூட ஆரையோ பிடிச்சு மொழிபெயர்த்து வைச்சிருந்தார். பல்லக்குச் சுமக்கிற தோளுக்கு என்ன வருத்தம் எண்டு தேன் ஒழுகக் கேட்டார். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். மேசைக்குக் கீழை பூந்திடலாம்போலை இருந்துது எனக்கு.

வெக்கம் போகக் கோவம் வந்துது. எழும்பினன். "அது ரெஜிபோம் பல்லக்கு, பஞ்சுப்பாரம்கூட இல்லை. கீழை சில்லு இருக்கு" எண்டன். இங்கை நாங்கள் பல்லக்குத் தூக்கிறதில்லை, தள்ளிறது. சில்லைச் சேலையாலை மறைச்சுப்போட்டுத் தூக்கிறமாதிரி நடிக்கிறது. வந்த சனம் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வெளியிலை சொல்லாயினம். இவ்வளவையும் டேனிஷிலை விளங்கப்படுத்தி முடிய, லோயர் கொடுப்புக்குள்ளை சிரிச்சார்.

விடுவனா? வீடியோக்காரன் வெட்டி எறிஞ்ச துண்டொண்டு என்ரை போனிலை இருந்துது. வாசல்படியிலை சில்லு இடறிப் பல்லக்குச் சரியிது, மகள் விழப் பாக்கிறாள், தம்பி யோசியாமல் வலக்கையைக் குடுத்துத் தாங்கிறான். சேலை விலகிச் சில்லு நல்ல வடிவாத் தெரியும். அதுக்குப் பகிடியாப் பாட்டுப் போட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பிச் சிரிச்சனாங்கள். லோயருக்குக் காட்டேக்கை பாட்டில்லாத மூலத்தைப் போட்டன், சத்தத்தையும் முழுக்கக் கூட்டிவிட்டன்.

தம்பி கத்தின கத்து அந்த அறை முழுக்கக் கேட்டுது. மேளச்சத்தத்துக்குள்ளை அண்டைக்கு எங்கள் ஒருத்தருக்கும் அது கேக்கேல்லை. போனை நிப்பாட்டத் தெரியாமல் மேசையிலை குப்புறக் கவிட்டன்.

அடிச்சவன்ரை முகம் வெளிறிப்போச்சு. "இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்" எண்டான். அவன்ரை லோயர் சட்டெண்டு அவன்ரை கையைப் பிடிச்சார். அவன் உதறிவிட்டான்.

"ஆட்டத்தண்டைக்கும் கேட்டனான். கேட்ட பிறகுதான் மற்ற அடி அடிச்சனான்."

மற்ற அடியைப் பற்றித் தம்பி எனக்குக்கூட மூச்சுவிட்டதில்லை. எப்பவும் டேனிஷிலை கதைக்கிறவன், என்ரை பக்கம் திரும்பித் தமிழிலை சொன்னான்.

"ஓம் அக்கா. ரெண்டுதரம்."