காலடி மண்

என் தங்கைக்கு வசியம் வைத்துவிட்டார்கள் என்று எங்கள் வீடு நம்பியது. வைத்தவர் யார் என்பதிலும் ஐயம் இருக்கவில்லை: ஊரூர் ஒல்காட் குப்பத்தில் படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவர், அவள் மணந்துகொள்ள விரும்பியவர். தேநீரில் எதையோ கலந்து கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால், தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், வங்கி வேலையில் இருப்பவள், மீன் காயும் சந்துக்குள் குடித்தனம் போகிறேன் என்று சொல்வாளா? இந்தக் கேள்வியை அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பலமுறை கேட்டுக்கொண்டார்கள். அவளிடம் ஒருமுறையும் கேட்கவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்கு ஆறாத கோபம் அதுதான்.

கேட்காதபோதும் அவள் சொன்னாள். ஆமை முட்டைகளைக் காப்பாற்றும் குழுவோடு விடியற்காலையில் கடற்கரைக்குப் போகத் தொடங்கியதையும், முட்டையிட்ட குழிகளை அவர் அடையாளம் காட்டியதையும், பழகப் பழக அவரோடு பேசாத நாள் வெறுமையாகிவிட்டதையும் சாப்பாட்டு மேசையில் நிதானமாகச் சொன்னாள். மாயம் எதுவும் தேவைப்படாத கதை. அப்பா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பாத்தியா, மனப்பாடமா ஒப்பிக்கா. நம்ம பிள்ள பேச்சா இது?” என்றார் அம்மாவிடம்.

வசியத்தை முறிக்கும் தாயத்துக்கு, அதைக் கையில் கட்டிக்கொள்பவரின் காலடி மண் வேண்டும். எங்கள் வீடோ மூன்றாம் மாடி; காலையும் மாலையும் துடைக்கப்படும் தரையில் மண்ணுக்கு எங்கே போவது? தங்கை குளிக்கப் போன நேரத்தில் அம்மா அவளுடைய செருப்புகளைத் திருப்பிப்போட்டு, அடிப்பாகத்துப் பள்ளங்களைக் கொண்டை ஊசியால் சுரண்டினாள். உதிர்ந்ததைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வேண்டாம் என்று எவ்வளவோ வாதாடினேன். ஆனாலும் முழங்கால் வலியோடு அம்மாவைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன்.

சிந்தாதிரிப்பேட்டையில், மோட்டார் உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் இருந்தது தாயத்து கட்டுபவரின் அறை. செப்புத் தகட்டில் கட்டங்கள் கீறி, தங்கையின் பெயரையும் அவளைப் பெற்றவள் பெயரையும் எழுத்தாணியால் அழுத்தி எழுதினார். பிறகு அம்மா கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, மண்ணை விரல்நுனியில் தேய்த்துப் பார்த்தார்.

“இன்னாமா, கடல் மண்ணாக் கீது. கிளிஞ்சல் மின்னுது பாரு.”

“அவ செருப்புல இருந்ததுதாங்க.”

“ஊட்டாண்ட மண்ணு இல்லியா?”

“கீழ முழுக்க சிமெண்டு போட்டுட்டாங்க.”

“அதுக்கின்னா பண்றது, சிமெண்டையா ஒடச்சுக் குடுப்ப? கால்ல இன்னா ஒட்டிக்கினு கீதோ அதாம்மா காலடி மண்ணு. வுடு, வேல செய்யும்.”

தகட்டைச் சுருட்டி வெள்ளிக் குழலுக்குள் நுழைத்தார். மேலே அந்த மணலைக் கொட்டி, உருகிய அரக்கால் வாயை அடைத்து, சாம்பிராணிப் புகையில் காட்டினார்.

“அம்மா, அது அந்தக் குப்பத்து மணல்,” என்றேன்.

“வாய மூடிக்கிட்டு வாட்டி,” என்றாள் அம்மா.

அன்று மாலை வீட்டில் அம்மா தாயத்தை எடுத்தபோது தங்கை மறுக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டே, “இதக் கட்டிக்கிட்டா நான் சொல்றத நம்புவியாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

“முதல்ல கட்டு. தெளிஞ்ச பிறகு நீ என்ன சொன்னாலும் நம்புதேன்.”

ஒரு மண்டலம் முழுவதும் அவள் அந்தக் கறுப்புக் கயிற்றை அவிழ்க்கவில்லை. மீனும் முட்டையும் தொடவில்லை. வங்கியில் யாரோ கேலி செய்தபோதுகூடச் சட்டைக் கையை இழுத்து மறைத்துக்கொள்ளவில்லை என்று பின்னால் அறிந்தேன். அம்மாவின் வார்த்தையை அவள் அவ்வளவு முழுமையாக நம்பியிருந்தாள். மண்டலம் முடிந்த காலையில் அதே மேசையில், அதே வார்த்தைகளை, அதே நிதானத்தோடு மறுபடி சொன்னாள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். “கட்டு சரியில்ல. வேற ஆளப் பாக்கணும்,” என்றார் அப்பா.

தங்கை அம்மாவின் கண்முன்னே கயிற்றை அவிழ்த்தாள். தாயத்தை ஊறுகாய் ஜாடிக்கு அருகில் வைத்துவிட்டு எழுந்தாள். அந்த வாரமே பதிவு அலுவலகத்தில் அவள் திருமணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

அவள் போன பிறகாவது அவளுக்கென்று ஒரு மனம் இருந்ததை ஏற்பார்கள் என்று காத்திருந்தேன். அம்மா வேறொரு விளக்கம் கண்டுபிடித்தாள். “கடல் மண்ண உள்ள வச்சுல்லா அடைச்சுட்டான். அதான் பிள்ளைய அங்கனயே கொண்டு சேத்துட்டு.” வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னாள். காதலித்ததற்குக் காரணம் தேநீர். வீட்டைவிட்டுப் போனதற்குக் காரணம் மணல். ஒரு செப்புத் தகட்டுக்கும் ஒரு சிட்டிகை மண்ணுக்கும் கொடுத்த மதிப்பை, தாங்களே பெற்று, தாங்களே படிக்கவைத்த பெண்ணின் புத்திக்குக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பாசம் என்றுதான் அதற்கும் பெயர் சொன்னார்கள். அது பாசமாகவும் இருந்தது என்பதுதான் என்னை இன்னும் எரிக்கிறது. அந்த மண்டலம் முழுக்க அம்மா நாளுக்கு ஒருவேளைதான் சாப்பிட்டாள்.

அப்பா போன வருடம் இறந்தார். சேதி கேட்டு வந்த தங்கையை, வசியம் போகக் கழிப்பு கழித்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள் அம்மா. தங்கை மறுத்து, கீழே வண்டிகள் நிறுத்துமிடத்தில் தன் கணவரோடு நின்று அப்பாவை வழியனுப்பிவிட்டுப் போனாள். அதன்பின் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குப்பத்துக்குப் போகிறேன். திரும்பி வரும்போது படிக்கட்டிலேயே செருப்பைக் கழற்றி உதறச் சொல்கிறாள் அம்மா. உதறாமல் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு, உள்ளே போய் அவளுடைய முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன். இப்போது வீட்டில் நாங்கள் இருவர்தான் இருக்கிறோம்.