சைக்கிளில் வந்த குரங்கு வால் துவக்கு

துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன் துவக்குச் சேர்க்கிறானே என்று டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் என்னைக் கேலி செய்யாத தமிழர் இல்லை. எண்பதுகளின் நடுவில் அங்கே நாங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சனம்தான். ஆனாலும் கேலிக்குக் குறைவில்லை.

இந்த விசரை, இந்தப் பைத்தியத்தை, எனக்கு ஏற்றிவிட்டவர் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று வேலை செய்த டேனிஷ்காரர். அவர் வீட்டுச் சுவர் முழுக்கப் பழைய பிரிட்டிஷ் குதிரைப்படைத் துப்பாக்கிகள். குதிரையில் இருப்பவன் குழாயின் வாய்க்குள் கோலை விட்டு இடித்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. அதனால் பின்பக்கத்தைத் திறந்து தோட்டா போடும்படி செய்திருக்கிறார்கள். மேலே படுத்திருக்கும் நீண்ட பிடியைத் தூக்கி, காகிதத் தோட்டாவை உள்ளே தள்ளி மூட வேண்டும். சுத்தியலுக்குக் கீழே, அடி விழுந்தால் பொறி தரும் சின்னச் செப்புத் தொப்பியொன்றைப் பொருத்தினால் வேலை முடிந்தது. அந்தப் பிடியின் வளைவைப் பார்த்துத்தான் குரங்கு வால் என்று பெயர் வைத்தார்களாம். அதைத் தூக்கி மூடும்போது கேட்ட சத்தத்திலேயே நான் விழுந்துவிட்டேன். இவ்வளவு பழசுக்கு அனுமதிப் பத்திரம் தேவையில்லை என்றும் அவர் சொன்னார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, பழைய சாமான் சந்தையில், உடைந்த கதிரை மேசைகளுக்கு நடுவே ஒரு குரங்கு வால் கிடந்தது. சுத்தியலுக்குப் பக்கத்துத் தகட்டில் பிரிட்டிஷ் கிரீட முத்திரைகூட அழியாமல் இருந்தது. பேரம் பேசக்கூட மறந்து வாங்கிவிட்டேன்.

மனைவி காலையிலேயே சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். வதிவிட அனுமதி அப்போதுதான் கிடைத்திருந்தது. “உங்கட விசரால எங்களைத் திருப்பி அனுப்பப் போறாங்கள்” என்றாள். எனக்கா காது கேட்டது? மழைக்கோட்டால் துவக்கைச் சுற்றிச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி புறப்பட்டேன்.

பாலத்தடியில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். கண்டதும் இறங்கிவிட்டேன். தொப்பியையும் கழற்றினேன். யாழ்ப்பாணத்தில் ஆமி சென்ரியை, அந்த இராணுவக் காவலரணை, அப்படித்தான் கடக்க வேண்டும்: இறங்கி, தொப்பியைக் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு. என் உடம்பு என்னைக் கேட்காமலே அதைச் செய்துவிட்டது. பேசாமல் சைக்கிளில் ஓடியிருந்தால் அவர் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார்.

காற்றுப் போய்விட்டதோ என்று உதவிக்கு வந்தவர், சில்லைப் பார்க்கக் குனிந்தார். மழைக்கோட்டுக்கு வெளியே குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அவிழ்க்கச் சொன்னார். எல்லாம் முடிந்தது, மனைவி பிள்ளையோடு விமானத்தில் ஏற்றப் போகிறார்கள் என்றே நினைத்தேன். படித்த டேனிஷ் முழுவதும் மறந்துவிட்டது. “பழசு” என்ற ஒரு சொல்தான் வெளியே வந்தது.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கை நீட்டி வாலைத் தூக்கிக் காட்டினேன். அவ்வளவுதான், பயம் எங்கே போனதோ தெரியாது. குதிரை, காகிதத் தோட்டா, செப்புத் தொப்பி என்று கையும் காலுமாக நடித்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். அவர் குழாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு தானே மழைக்கோட்டைச் சுற்றிக் கட்டிக்கொடுத்தார்.

“சில்லு சரியாகத்தானே இருக்கிறது. ஏன் இறங்கினீர்கள்?” என்று கேட்டார்.

“உங்களைக் கண்டுதான்” என்றேன்.

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு சைக்கிளை விழாமல் பிடித்துக்கொண்டு, ஏறுங்கள் என்று தலையசைத்தார். சீருடை போட்ட ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் முன்னாலேயே ஏறிச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.