அத்தாவுக்கு முதலெழுத்து குறில்

முதல் குறுஞ்செய்தி வந்தபோது நான் கடையில் ஏணிமேல் நின்றிருந்தேன். ஒரு கையில் இட்லிப் பானை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இறங்கி வந்து பார்த்தேன். என் பிள்ளை அன்று தமிழ் வகுப்புக்கு வரவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எவர்சில்வர் பாத்திரக் கடையில் நான் வேலை செய்கிறேன். எனக்குப் பிடித்த வேலை. வாடிக்கையாளர் பாத்திரத்தைப் பார்த்துத்தான் பேசுவார், என்னைப் பார்த்து அல்ல. நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பது சின்ன வயதிலிருந்தே எனக்கு வராது. உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. வாய்மொழித் தேர்வுகளில் நான் வாங்கிய மதிப்பெண்ணை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

மகள் அந்த ஆண்டுதான் உயர்நிலை ஒன்றுக்குப் போயிருந்தாள். தொடக்கப்பள்ளி எங்கள் புக்கிட் மேரா வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். புதுப் பள்ளிக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே தமிழ்ப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் தமிழ் வகுப்பு மட்டும் குவீன்ஸ்டவுன் பக்கம் இன்னொரு பள்ளியில். பல பள்ளிப் பிள்ளைகளும் அங்கே வந்து சேர்வார்கள். வாரத்தில் இரண்டு நாள், பள்ளி முடிந்ததும் அவள் தனியாக பஸ் பிடித்துப் போக வேண்டும். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூடவே போய் வழி காட்டினேன். எந்த நிறுத்தம், எந்தப் பக்கம் சாலையைக் கடப்பது, எல்லாம். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று மாலை அவளிடம் கேட்டேன்.

“சிஸ்டம் தப்பு அத்தா. நான் கொஞ்சம் லேட்டு. டீச்சர் மார்க் பண்ணல.”

நான் நம்பினேன். நம்பிவிட்டால் யாரிடமும் போய்ப் பேச வேண்டியதில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது செய்தி வந்தது. இதே போல் இன்னொரு முறை நடந்தால் அவளுடைய பள்ளிக்குத் தெரிவிப்போம் என்று கீழே ஒரு வரி. மனைவியிடம் காட்டலாமா என்று யோசித்தேன். அவள் மருத்துவமனையில் வார்டு உதவியாளர். பள்ளிக் கூட்டங்களுக்கெல்லாம் அவள்தான் போவாள், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வருவாள். ஆனால் அவளுக்குத் தெரிந்தால் அந்த நிமிடமே வீடு இரண்டுபடும். மகள் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அந்த வாய் என் வாய். அது ஒருமுறை மூடினால் யாராலும் திறக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

வகுப்பு நாளன்று முதலாளியிடம் அரை நாள் விடுப்பு கேட்டேன்.

“என்ன பாய், வீட்ல ஏதும் பிரச்சினையா?”

“இல்லண்ணே. பல்லு.”

அவளுடைய பள்ளிக்கு முந்தைய நிறுத்தத்தில் பஸ் ஏறினேன். கடையில் தூசிக்காகப் போடும் முகக்கவசம், தலையில் தொப்பி. பின்வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். கடைசியாக அவள். காலையில் பார்த்ததைவிட அந்தச் சீருடையில் சின்னவளாகத் தெரிந்தாள். பஸ் அட்டையைத் தட்டிவிட்டு நடுவில் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்த அவளுடைய பள்ளிப் பிள்ளைகளில் ஒருவர்கூட அவளோடு பேசவில்லை. அவளும் யாரோடும் பேசவில்லை.

தமிழ் வகுப்பு நிறுத்தம் வந்தது. வேறு சீருடையில் இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் தமிழில் பேசிக்கொண்டே எழுந்தார்கள். அவள் எழவில்லை. தலையைக் குனிந்து, குனிந்தபடியே அவர்கள் இறங்குவதைப் பார்த்தாள். கதவு மூடியது. பஸ் நகர்ந்தது.

எங்கே போகிறாள்? யாரைப் பார்க்கப் போகிறாள்? பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் என்னென்ன நினைப்பானோ அத்தனையும் நினைத்தேன். அவள் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அங்கிள்.”

எனக்கு எதிரே சாமான் வாங்கும் சின்னத் தள்ளுவண்டியோடு உட்கார்ந்திருந்த சீன அம்மா ஒருவர். நான் திரும்பவில்லை.

“அங்கிள்! ஏறுனதிலேர்ந்து அந்தப் பொண்ணையே பாக்குற, ஏன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

மகள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது வரவில்லை. தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆள் எப்படித் தெரிவான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு இருக்கை தள்ளி நின்ற இளைஞன் ஒருவன் போனைத் தூக்கி என் பக்கம் பிடித்தான். அந்த அம்மா எழுந்து போய் மகளின் தோளைத் தொட்டார்.

“கேர்ள், யூ நோ திஸ் மேன் ஆ?”

அவள் திரும்பினாள். என் கண்ணை மட்டும்தான் பார்க்க முடிந்திருக்கும். முகம் வெளுத்தது. அவளுடைய பள்ளிப் பிள்ளைகளும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடியில் அவள் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

“மை ஃபாதர்,” என்றாள், மெதுவாக. பிறகு மணியை அழுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, “அப்பா, வாங்க, எறங்கலாம்” என்றாள்.

வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் உட்கார்ந்தே இருந்தேன். பிறந்ததிலிருந்து ஒருநாளும் அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டதில்லை. எங்கள் வீடுகளில் தகப்பனை அத்தா என்போம். என் அத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஊர் போனாலும் அந்தச் சொல் எங்களோடு இங்கே இருக்கிறது. யாரும் அதைப் பற்றி யோசித்ததுகூட இல்லை.

“சாரி லா, அங்கிள்,” என்றார் அந்த அம்மா. “சொல்ல வேண்டியதுதானே?” நியாயமான கேள்வி. தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன்.

பெயர் தெரியாத ஒரு நிறுத்தம். இருவரும் பலகை இருக்கையின் இரண்டு முனையில் உட்கார்ந்தோம்.

“என்னைய ஸ்பை பண்றீங்களா?”

“மெசேஜ் வந்துச்சு. ரெண்டாவது.”

அவள் பையின் பட்டையை முறுக்கினாள்.

“எங்கதான் போவே?”

“எங்கயும் இல்ல. கடைசி ஸ்டாப் வரைக்கும் போவேன். அங்க உக்காந்திருப்பேன். அப்புறம் திரும்பி வருவேன்.”

அவ்வளவுதான். நான் பயந்தது எதுவும் இல்லை. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. மத்தியானம் முழுக்க ஒரு பஸ் முனையத்தில் இவள் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

“அப்பான்னு கூப்பிட்டியே?”

“அதானே கரெக்ட் தமிழ்.”

“யாரு சொன்னா?”

கொஞ்சம் கொஞ்சமாக, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். இவள் எழுந்து, “எங்கத்தா பாத்திரக் கடைல வேல செய்றாங்க” என்றிருக்கிறாள்.

“ஒருத்தன், ‘ஆத்தாவா? அப்ப உங்கப்பா எங்க?’ன்னு கேட்டான். நான் ‘அத்தான்னா அப்பா’ன்னு சொன்னேன். ‘உங்கப்பாதான் உனக்கு ஆத்தாவா!’ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர் வந்து, ‘அப்பான்னு சொல்லுமா’ன்னாங்க. அவங்க நல்லாத்தான் சொன்னாங்க. ஆனா அப்ப நான்தானே தப்பு?”

“அப்புறம்?”

“அப்புறம் என் பேரே ஆத்தாதான். நான் வந்தா, ‘ஆத்தா வர்றாங்க, எலுமிச்சம்பழம் எங்கடா?’ம்பானுங்க. இன்னிக்கு ‘என் குடும்பம்’னு பேசணும். மார்க்குக்கு. நான் ரூம்ல பிராக்டிஸ் பண்ணேன். ஒவ்வொரு தடவையும் அத்தான்னே வருது.” என் பக்கம் திரும்பினாள். “பஸ்ல மட்டும் அப்பான்னு ஈசியா வந்துடுச்சு.”

அந்தக் கடைசி வரி என்னை எங்கோ குத்தியது. ஆனால் அதற்கு நேரம் இல்லை. வகுப்பு தொடங்கி சிறிது நேரம்தான் ஆகியிருந்தது.

“இப்பப் போனா பாதி கிளாசாவது கெடைக்கும். வா.”

“நீங்க வந்து என்ன பண்ணுவீங்க? நீங்கதான் பேசவே மாட்டீங்களே. அந்த ஆண்ட்டி கேட்டப்பகூட பேசல.”

உண்மை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லத்தான் வாய் போனது. சொல்லியிருந்தால் அவள் அன்றும் கடைசி நிறுத்தம் வரை போயிருப்பாள். பள்ளிக்குச் செய்தி போயிருக்கும்.

“பேசுறேன்,” என்றேன்.

எதிர்ப்பக்கம் போய் பஸ் ஏறினோம். வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வணக்கம் டீச்சர். நான் இவளோட அப்பா. உடம்பு சரியில்லை, அதனால் வரவில்லை. மன்னிக்கணும். இதுதான் சுலபம். யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்பா என்றே சொல்லிவிடலாம், அவளுக்கும் நல்லது என்று முடிவு செய்துகொண்டேன்.

பள்ளி வாசலில் காவலர் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு பார்வையாளர் வில்லை கொடுத்தார். இரண்டு மாடி ஏறினோம். வகுப்புக் கதவு திறந்திருந்தது. ஆசிரியர் இளம் வயதுப் பெண். எங்களைப் பார்த்ததும் வெளியே வந்தார். உள்ளே இருந்த அத்தனை முகங்களும் கதவுப் பக்கம் திரும்பின. மகள் எனக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

“வணக்கம். நீங்க…?”

ஒத்திகை பார்த்தது அத்தனையும் போய்விட்டது. நாக்குக்குப் பழகியதுதான் வந்தது.

“நான் இவளோட அத்தா.”

கூச்சப்படுகிறவனுக்குக் குரலின் அளவு தெரியாது. ஒன்று யாருக்கும் கேட்காது, இல்லையென்றால் எல்லோருக்கும் கேட்கும். அன்று எல்லோருக்கும் கேட்டது.

“டேய், ஆத்தாவே வந்துட்டாங்கடா!” உள்ளே ஒரு பையன். மேசையைத் தட்டும் சத்தம், சிரிப்பு. ஆசிரியர் திரும்பி அதட்டினார். பின்னாலிருந்து மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போய்விடலாம் என்று அர்த்தம்.

எனக்கும் போய்விடத்தான் ஆசை. கால் நகரவில்லை. நான் முகக்கவசத்தைக் கழற்றினேன்.

“ஆத்தா இல்ல தம்பி, அத்தா. மொத எழுத்து குறில். ஆத்தான்னா இது இருக்குமா?” என்று மீசையைத் தொட்டுக் காட்டினேன்.

வகுப்பே வெடித்துச் சிரித்தது. ஆசிரியரும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு இன்னும் கெடுதல் செய்துவிட்டேனோ என்று பயந்தேன்.

“ஐயோ, அத்தா! ப்ளீஸ்! போங்க!”

மகள்தான். முகம் சிவந்து, அழுகிற நிலையில், எல்லோருக்கும் கேட்கும்படி. என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல், நேரே தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். என்னைத் துரத்துவதற்காகவாவது உள்ளே போனாள்.

ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பொய்யைச் சொல்லவில்லை. அவள் ஏன் வரவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“நான் திருத்தினது அவளுக்கு இப்படி ஆகும்னு நெனைக்கலங்க. பசங்ககிட்ட நான் பேசுறேன்.”

கீழே பள்ளி உணவகத்தில் காத்திருந்தேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கினார்கள். அந்தப் பையன் என்னைக் கடக்கும்போது மீசை முளைக்காத உதட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு ஓடினான். மகள் கடைசியாக வந்தாள். நிறுத்தம் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள்.

“பேசினியா?” என்று கேட்டேன்.

“ம்.”

“என்னன்னு சொன்னே?”

“‘என் தந்தை’ன்னு சொன்னேன். அதுல யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“கோவமா?” என்றாள்.

“இல்ல.”

“இனிமே வராதீங்க. அந்த மீசை ஜோக் ரொம்ப மோசம், அத்தா.”

அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் திட்டினாள், முதலில் மகளை, பிறகு அதைவிட நீளமாக என்னை. நடுவில், “நீங்களா பேசினீங்க?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

அடுத்த வகுப்பு நாளன்று போனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு வேலை பார்த்தேன். ஊருக்கு அனுப்ப பிரஷர் குக்கர் வாங்க வந்த இரண்டு தம்பிகளுக்கு மூடியை மாற்றிக் கொடுத்துவிட்டேன், அவர்கள்தான் சொன்னார்கள். செய்தி வழக்கமாக வரும் நேரம் வந்தது. போன் அப்படியே கிடந்தது. அந்த நேரம் தாண்டியும் பார்த்தேன். அப்படியேதான் கிடந்தது.

“என்ன பாய், போனையே பாக்குறீங்க? பல்லு இன்னும் வலிக்குதா?” என்றார் முதலாளி.

“இல்லண்ணே,” என்றேன். “இப்பத்தான் விட்டுச்சு.”