குமிழி அடங்கும் முன்

லவ்டே நான்காரோவின் வாய் ஓய்ந்து இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் யாரும் பார்த்ததில்லை. கூடை சுமந்து மீன் விற்பவள். அவள் குரல் தெருமுனையில் கேட்கும்போதே பூனைகள் வாசலுக்கு வந்துவிடும். வயது நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. மனசெல்லாம் பன்றி வளர்க்கும் ஹானிபல் ட்ரெகியர் மேல். அவனோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவன்.

வருடத்தில் ஒரு நாள் காலையில் மட்டும் லவ்டே வாய்க்குப் பூட்டு. மே மாத முதல் ஞாயிறன்று கல்யாணமாகாத பெண்கள் ஊரின் புனிதக் கிணற்றடிக்குப் போய், அங்கே நிற்கும் பழைய கற்சிலுவையைச் சுற்றிவந்து, இரண்டு வைக்கோல் துண்டுகளைக் குறுக்காகக் குண்டூசியில் குத்தித் தண்ணீரில் போடுவார்கள். எத்தனை குமிழி எழுகிறதோ, கல்யாணத்துக்கு அத்தனை வருடம். குமிழி அடங்கும் முன் பேசிவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது.

அன்று லவ்டே சிலுவையைச் சுற்றத் தொடங்கியதும் ஹானிபல் வந்து நின்றான். முகம் மழித்து, கோயிலுக்குப் போடும் கோட்டை மாட்டியிருந்தான்.

"நீ இன்னைக்குப் பேச மாட்டேன்னு தெரியும், லவ்டே. அதான் வந்தேன். வேற என்னைக்கு என்னைப் பேச விட்டிருக்க?"

அவள் முறைத்தபடி சுற்றினாள். அவனும் பின்னாலேயே சுற்றினான்.

"என்னைக் கட்டிக்கிறியா? அவசரமில்ல. முடிச்சுட்டே சொல்லு."

பின்னால் காத்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். லவ்டேவுக்குத் தலை சுற்றியது. சுற்றியதாலா சந்தோஷத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. வைக்கோல் சிலுவையைக் கிணற்றில் போட்டாள்.

குமிழி வந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து. நிற்கவேயில்லை. எட்டாவதில் ஹானிபல் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

"எட்டு வருஷமா," என்றான். "சரி. நான் காத்துக்கிட்டிருப்பேன்."

அவன் காத்திருப்பான், அது அவளுக்குத் தெரியும். ஒன்பதாவது குமிழி மேலே வந்துகொண்டிருந்தது. லவ்டே கிணற்றைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், வேண்டுமென்றே வாயைத் திறந்தாள்.

"யோவ் ஹானிபல், கட்டிக்கிறேன்யா. இந்த மாசமே கட்டிக்கிறேன்."