இன்னாசிராஜ் பார்த்துவைத்த பூங்கா

இன்னாசிராஜ் வீட்டின் பின்பக்கத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். முன்பக்கத்தில் அவரும் அவர் மனைவி ஆனந்தம்மாளும். நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை எட்டாது. அதனால் அவர்கள் பேசுவதை நான் ஒட்டுக்கேட்க வேண்டியதே இல்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் பாடுபட வேண்டும்.

மரக்காணத்தில் அவருக்குக் குத்தகை உப்பளம் இருக்கிறது. என் கணவர் கலையரசன் அங்கேதான் வேலை செய்கிறார். ஆக, வீட்டுக்குச் சொந்தக்காரரும் அவரே, முதலாளியும் அவரே. அவர் ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது. ஏணி கேட்டிருக்கிறார், அம்மிக்கல் கேட்டிருக்கிறார். இந்த வருஷம் குழந்தையைக் கேட்டார்.

இன்னாசிராஜுக்குச் சத்தமாகப் பேசத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் சொல்லும் ஆமென் முடிந்த பிறகுதான் மற்றவர்களுடைய ஆமென் காதில் விழும். ஒரே மகள் சில்வியா. சின்ன வயதில் அவள் பாண்டிச்சேரிக்குப் போய் ஊஞ்சல் ஆட வேண்டும் என்று கேட்பாளாம். "உப்பு சீசன் முடியட்டும்" என்பாராம் இவர். சீசன் முடிந்தால் மழை வரும். மழை முடிந்தால் சீசன் வரும். இப்படியே சில்வியாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

போன வருஷம் மே மாதம் சில்வியா தன் கணவன் ரெக்ஸோடும் பிள்ளைகள் ஆஷ்லின், ஆரோனோடும் சென்னையிலிருந்து வந்தாள். பத்து நாள் தங்குவதாகத் திட்டம். பேரப்பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்று இன்னாசிராஜ் யோசிக்கவே இல்லை. உலகத்தில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான், அது அவருடைய உப்பளம். வெயில் ஏறினால்தான் உப்பு நன்றாக மின்னும் என்று உச்சி வெயிலில் கூட்டிக்கொண்டு போனார். உப்பும் மின்னியது. ஆரோன் உப்புத் தண்ணீர்க் கையால் கண்ணைக் கசக்கினான். ஆஷ்லின் செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு வரப்பில் நின்று ஊரைக் கூட்டினாள். மறுநாள் காலையில் கார் கிளம்பிவிட்டது. ஆனந்தம்மாள் முறுக்குக்கு ஊறவைத்த அரிசியை என்னிடம் கொடுத்து, "நீயாவது தோசை சுட்டுக்கோ" என்றார்.

இந்த வருஷம் சில்வியாவிடமிருந்து போன் வந்தது. இன்னாசிராஜ் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். இரண்டு பக்கப் பேச்சும் தெருவுக்கே கேட்கும்.

"அப்பா, பசங்களுக்கு அங்க வெளையாட ஒண்ணுமே இல்லப்பா. கோயம்புத்தூர்ல ரெக்ஸ் வீட்டு அபார்ட்மென்ட்லயே பார்க்கு, ஸ்விம்மிங் பூல் எல்லாம் இருக்குது. இந்த லீவுக்கு அங்கயே போயிடலாம்னு சொல்றாரு."

"ஒண்ணுமில்லன்னு யார் சொன்னது? பக்கத்துல பாண்டிச்சேரி இருக்குது. எத்தனை பார்க்கு! நான் பாத்து வெக்கறேன். பத்து நாளும் கூட்டிட்டுப் போறேன். நீ வா."

"உனக்குப் பார்க்கப் பத்தி என்னப்பா தெரியும்?"

"உப்பே தெரியும். பார்க்கு தெரியாதா?"

போனை வைத்ததும் ஆனந்தம்மாள் ஆரம்பித்தார். "பெத்த பொண்ண ஒரு நாள் ஊஞ்சல்ல உக்கார வெச்சதில்ல. இப்ப பார்க்கு பாக்கப் போறாராம், பார்க்கு."

இன்னாசிராஜ் பதிலுக்குக் கத்தவில்லை. அவருக்குச் சின்னக் குரலும் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "இந்த வருஷமும் வரலன்னா அப்பறம் வரவே மாட்டாங்க ஆனந்தம். பசங்களுக்கு நம்ம மூஞ்சியே மறந்துடும்" என்றார்.

முதல் தடவை பாண்டிச்சேரிக்குத் தனியாகத்தான் போனார். இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பவுடர். போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டார். குழந்தை இல்லாமல் வரும் ஆண்களை உள்ளே விடுவதில்லை என்று கேட்டிலேயே மறித்துவிட்டார்களாம்.

"கொழந்த எங்கன்னு கேட்டான். சென்னையில இருக்குதுன்னேன். அப்ப சென்னையில போய் பார்க்கு பாருங்கன்றான்."

"சரியாத்தான சொல்லியிருக்கான்" என்றார் ஆனந்தம்மாள்.

அன்று மாலை அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, உன் பொண்ண நாளைக்கு ஒரு நாள் குடு. பார்க்குக்குப் போயிட்டு வந்துடறேன்."

இலக்கியாவுக்கு ஐந்து வயது. அவள் பார்க்கு என்ற சொல்லைக் கேட்டதுமே செருப்பை மாட்டிக்கொண்டாள். தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. "நானும் வர்றேங்க" என்றேன். குழந்தையைக் கேட்டால் தாயும் சேர்ந்து வருகிறாள் என்பதில் அவருக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

முதலில் போனது கடற்கரைப் பக்கம், கேட்டில் மறிக்க ஆளில்லாத வேறொரு பூங்கா. வாசலில் இருந்த திறப்புவிழாக் கல்வெட்டு உள்ளே இருந்த சறுக்கு மரத்தைவிட உயரம். பக்கத்தில் ஒரு விதிப் பலகை. ஓடக்கூடாது, கத்தக்கூடாது, பந்து கொண்டுவரக்கூடாது, புல்லில் உட்காரக்கூடாது. இதையெல்லாம் செய்யாமல் குழந்தைகள் வேறு என்ன செய்யலாம் என்று எழுதப் பலகையில் இடம் போதவில்லை போலிருக்கிறது. ஊஞ்சலில் இரண்டு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சறுக்கு மரம் மட்டும் காலியாக இருந்தது.

எங்கள் ஊரில் இரும்பு என்றால் யாருக்கும் நம்பிக்கை கிடையாது. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே பொரிந்து கையோடு வரும். இன்னாசிராஜ் சறுக்கு மரத்தின் நாலு காலையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். அதெல்லாம் திருப்தியான பிறகு, "ஏறும்மா" என்று இலக்கியாவை ஏற்றிவிட்டார். வெயிலில் காய்ந்த தகரம். பாவாடை மேலே ஏற, தொடை சிவக்கச் சறுக்கிக் கீழே வந்து விழுந்து அவள் அழுதாள்.

"சுட்டுதா?"

அவள் அழுகையின் நடுவே தலையை ஆட்டினாள்.

"இது ஆவாதும்மா" என்று என்னிடம் சொன்னார். "நம்ம பசங்களுக்குச் சுட்டுடும்."

அந்த 'நம்ம பசங்க'ளில் அழுதுகொண்டிருந்தவள் சேர்த்தி இல்லை என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. குழாய்த் தண்ணீரில் முந்தானையை நனைத்து அவள் தொடையில் ஒற்றினேன். அவர் அதற்குள் சீசாப் பலகையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து, ஒரு கடைக் கட்டடத்தின் மாடியில் இருந்த ஏசி விளையாட்டு இடம். சாக்ஸ் போடாமல் உள்ளே வரக்கூடாது என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். பெரியவர்களும் போட வேண்டுமாம். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த இன்னாசிராஜின் காலுக்கு அவர்களிடம் இருந்த அளவு ஒன்றுதான். மஞ்சள் நிறம், மேலே வாத்துப் படம். மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே இரண்டு வாத்துகளோடு அவர் நின்றதை ஆனந்தம்மாளுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் மனசுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டேன். பந்துகள் நிரப்பிய தொட்டியில் இறங்கிய இலக்கியா வெளியே வரவே மாட்டேன் என்றாள். அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்துதான் இழுத்தோம்.

"இதுவும் ஆவாது. ஒரு பையன் இன்னொரு பையன் தலையில குதிக்கிறான். எம் பேரன் பயந்துடுவான்" என்றார் இன்னாசிராஜ்.

இன்னொரு நாள், இன்னொரு பூங்கா. அது புதிதாகத் திறந்தது. நல்ல மர நிழல். கீழே விழுந்தாலும் அடிபடாத ரப்பர் தரை. கயிற்று வலையில் ஏறி ஒரு மரவீட்டுக்குள் போய், அங்கிருந்து வளைந்த குழாய் வழியாகச் சறுக்கிக் கீழே வரலாம். ஒரு மூலையில் மணல் தொட்டி. எனக்கே ஏறிப் பார்க்க ஆசையாக இருந்தது. இலக்கியா வலையில் பாதி ஏறியிருந்தபோது, இன்னாசிராஜ் மணல் தொட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடி ருசி பார்த்தார். இன்னொரு மூலையிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்தார்.

வாட்ச்மேன் சடையப்பன் ஓடிவந்தார். "பெரியவரே, பசிச்சா வெளியில டிபன் கடை இருக்குது. கொழந்தைங்க மண்ண விட்டுடுங்க."

"கடல் மணலான்னு பாத்தேன்பா. கடல் மணல்னா ஒடம்பு அரிக்கும். இது ஆத்து மணல். உப்பே இல்ல. பேஷ்!"

மண்ணுக்கு உப்புப் போதவில்லை என்று குறை சொல்கிறாரா, பாராட்டுகிறாரா என்று சடையப்பனுக்கு விளங்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

பூங்கா முடிவாகிவிட்டது. மணல் முதல் மரவீடு வரை போனில் அவர் வர்ணித்த வர்ணனையில் சில்வியாவே சரி என்றுவிட்டாள்.

மே மாதம் கார் வந்தது. மறுநாளே கூட்டிப்போனார். ஆஷ்லினும் ஆரோனும் மரவீட்டைக் கண்டதும் கத்திக்கொண்டு ஓடினார்களாம். பூட்டும் நேரம்வரை இறங்கவே இல்லையாம். அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே பாராட்டு. "அப்பா, சூப்பர் இடம்ப்பா. சென்னையில கூட இப்படி இல்ல" என்றாள் சில்வியா. இன்னாசிராஜ் அந்தப் பூங்காவைத் தானே கட்டியது மாதிரி, "இன்னும் நல்லாப் பண்ணியிருக்கலாம்" என்றார்.

ஒரே ஒரு சிக்கல். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கார் பெரிய முதலியார்சாவடியைத் தொட்டதும் ஆரோன் தவறாமல் வாந்தி எடுத்தான். அப்புறம் கோட்டக்குப்பத்து டிராஃபிக்கில் வண்டி நிற்கும், காருக்குள் வாடை நிற்கும். நாலாம் நாள் காலை ரெக்ஸ் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாமா, அந்தப் பார்க்குக்கு எதிர்லயே ரூம் கெடைக்குது. நல்ல ரூம். மீதி நாளைக்கு அங்க போட்டுட்டா பசங்களுக்கு அலைச்சல் இல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் ஆனந்தம்மாள் பாத்திரத்தை ணங்கென்று வைத்தார். ரெக்ஸே தொடர்ந்தார்.

"கோயம்புத்தூர் போறதா இருந்தோம். உங்களாலதான் மாமா இங்கயே இருக்கப் போறோம்."

"ஆமாமா. பசங்க சந்தோசந்தான முக்கியம்" என்றார் இன்னாசிராஜ். தானே தேடிப்பிடித்து, ஆட்டிப் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம். அதை இப்போது எந்த வாயால் குறை சொல்வது?

பெட்டிகள் காரில் ஏறின. அன்றிலிருந்து அவர் தினமும் உப்பளத்து வேலையைப் பாதியில் என் கணவரிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் பாண்டிச்சேரிக்குப் போனார். கையில் ஆனந்தம்மாள் பொரித்துக் கொடுத்த மீன். அவர் போய்ச் சேரும்போது பிள்ளைகள் மரவீட்டுக்குள் இருப்பார்கள். பூட்டும்போது இறங்கி வந்து, தூக்கம் வருகிறது என்பார்கள். மீனைச் சடையப்பன் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச்சாமியார், "பேரப்பிள்ளைங்க வந்திருக்காங்களாமே, கோயிலுக்குக் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டார்.

"பத்து நாள் இருக்காங்க ஃபாதர்" என்றார் இன்னாசிராஜ், கோயில் அதிர.

"எங்க இருக்காங்கன்னு கேளுங்க ஃபாதர்" என்றார் ஆனந்தம்மாள்.

கடைசி நாள் ஆனந்தம்மாளும் கிளம்பிவிட்டார். முட்டி வலியோடு பஸ் ஏற அவருக்குத் துணை வேண்டும், முறுக்கு டப்பாவைத் தூக்க ஆள் வேண்டும். அதனால் நான். என்னோடு இலக்கியா. அவள் பூங்காவுக்குள் நுழைந்ததும் தன் வீட்டுக்குள் போவது போல நேராக வலையில் ஏறி, ஆஷ்லின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். இரண்டும் சேர்ந்து குழாயில் சறுக்கின, மறுபடி ஏறின. ரெக்ஸும் சில்வியாவும் எதிரில் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து, மேலே ஓடும் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரொம்ப நேரம் கழித்து ஆஷ்லின் வியர்த்து வழிய ஓடிவந்தாள். "ஆயா, தண்ணி." ஆனந்தம்மாள் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவள் குடிக்கும் நேரத்தில் அவசரமாக அவள் முகத்தைத் துடைத்துவிட்டார், முடியை ஒதுக்கினார். முறுக்கு ஒன்றைக் கையில் வைத்தார். அவள் முறுக்கை பெஞ்சில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தாள், குடித்தாள், ஓடினாள்.

இன்னாசிராஜின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா ஆனந்தம்? தாகம்னா யார்கிட்ட வருது பாரு. நம்மகிட்டதான் வருது."

"அந்தாண்ட குடிதண்ணி பைப்பு இருக்குது. அது புள்ளைக்குத் தெரியாது. அதான் வருது" என்றார் ஆனந்தம்மாள்.

இன்னாசிராஜ் திரும்பிப் பார்த்தார். வேலியோரம், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில், பளபளவென்று ஒரு குழாய். அப்புறம் மேலே பார்த்தார். மரவீட்டு ஜன்னலில் இலக்கியா ஆஷ்லின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் தடவை வந்தபோதே அந்தக் குழாயைக் கண்டுபிடித்துத் தண்ணீர் குடித்தவள் அவள். அவளை அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை தழையவிட்டார். நடந்து போய், அந்தக் குழாயை மறைத்துக்கொண்டு வேலியோரம் நின்றார். சடையப்பன் விசில் ஊதி எல்லோரையும் வெளியே போகச் சொல்லும்வரை அங்கிருந்து அசையவில்லை.