அக்காவின் கணினியிலிருந்து எடுத்த இரண்டு மெமரி துண்டுகள்

ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பதினேழு வயதில், படிப்பை நிறுத்தியவன் நான். பிள்ளையின் பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதுவதென்றால்கூட ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் நல்ல தாளில் எழுதுவேன். அப்படிப்பட்டவன் பிறர் படிக்க எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியவரிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. மலேசியாவில், கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுக்குச் சுங்கத்தில் கொடுக்கும் தாள்களை, எங்கள் பேச்சில் பாரங்களை, தயார் செய்வது எங்கள் வேலை. மாடியில் ஐந்து கணினிகள். ஒன்றில் அடித்ததை இன்னொன்றுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் டிஸ்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேசை மேசையாக நடப்போம்.

எங்களில் மூத்தவர் ஓர் அக்கா. ஐம்பதைத் தொட்டவர். இருபது வருடம் தட்டச்சு இயந்திரத்தில் பாரம் அடித்தவரைக் கணினிக்கு மாற்றி ஆறு மாதம் ஆகியிருந்தது. எந்த விசையை எதற்குப் பிறகு அழுத்துவது என்று ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து அடிப்பார். இரண்டு முறை பாரங்கள் அழிந்து போயின. இரண்டாவது முறை, போஸ் என்று நாங்கள் கூப்பிடும் முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "அக்கா, இன்னொரு வாட்டி ஏதாச்சும் ஆச்சுன்னா கீழ ஃபைல் ரூமுக்குப் போயிடுங்க. எனக்கும் வேற வழி இல்ல."

கீழ்த்தளத்து ஃபைல் ரூமில் சன்னல் கிடையாது. அங்கே போனவர்கள் மேலே திரும்பி வந்ததும் கிடையாது. அன்றிலிருந்து அக்கா வேலை தொடங்குவதற்கு முன் கணினியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் போஸ் சர்வர் வாங்க முடிவு செய்தார். எல்லாக் கணினிகளையும் அதோடு இணைத்துவிட்டால் டிஸ்கெட்டோடு நடக்க வேண்டாம். "யாருக்காச்சும் இது தெரியுமா? இல்லன்னா வெளியாளத்தான் போடணும்" என்று கேட்டார். கூட்டத்தில் வாயே திறக்காத நான் அன்று என்ன பிடித்துக்கொண்டதோ, "வீட்டுல ஓட்டிக்கிட்டு இருக்கேன் போஸ்" என்றேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "சர்வரா? வீட்டுலயா? அப்ப ஒருநாள் வந்து பாக்கறேன் லா. விஜயதசமி அன்னிக்கு சாயந்தரம் உங்க பக்கம்தான் வரேன்."

பண்டமாரானில் என் வீட்டில் இருந்தது பாதிக் கணினி. சர்வர் மென்பொருளின் குறுந்தட்டு இருந்தது. அதற்கு என்னென்ன சாமான் வேண்டும் என்பதை ஆங்கிலக் கையேட்டிலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்து, நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். 486 பிராசசர் இருந்தது. குறுந்தட்டைப் படிக்கும் டிரைவ் இருந்தது. ஹார்டிஸ்க் பழையது, ஆனால் இடம் போதும். நெட்வொர்க் கார்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பழைய கணினிகள் விற்கும் ஒரு மாடிக்கடையில் கிடைத்தது. குறைந்தது பதினாறு மெகாபைட் மெமரி வேண்டும் என்று போட்டிருந்தது. என்னிடம் இருந்தது நான்கு.

மாடிக்கடைக்காரர் சிரித்தார். "நாலு வெச்சிக்கிட்டு சர்வரா? அண்ணே, டயர் இல்லாம லோரி ஓட்டப் போறீங்களா?"

"எட்டு எட்டா ரெண்டு துண்டு கிடைக்குமா?"

"அடுத்த மாசம் பாருங்க. இப்ப தங்கமாவது கிடைக்கும், அது கிடைக்காது."

விஜயதசமிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

எங்கள் ஆபீசில் ஆயுத பூசை வருடா வருடம் உண்டு. மதியத்தோடு வேலையை நிறுத்தி, கணினிகளைத் துடைத்து, பொட்டு வைத்து, மூன்று மணிக்குப் படைப்போம். படைத்த பிறகு மறுநாள் நல்ல நேரத்தில் திறக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. போஸ் அதில் மிகவும் கண்டிப்பு.

அந்த வருடம் அக்கா வீட்டிலிருந்தே சந்தனம் இழைத்துக் கொண்டுவந்தார். மற்றவர்கள் கணினிக்கு ஒரு பொட்டோடு விட்டுவிட, அவர் தன் கணினிக்கு நெற்றியில் பட்டையாகவும் டிஸ்கெட் வாயைச் சுற்றியும் பக்கவாட்டிலும் பூசி, குங்குமமும் வைத்தார்.

லோரிகளை அனுப்பும் கிராணி, எப்போதும் கேலி பேசுகிறவர், எட்டிப் பார்த்தார். "என்னக்கா, சந்தனக் காப்பே சாத்திட்டீங்க? அபிஷேகம் எத்தன மணிக்கு?"

"நீ சும்மா இருடா. இது நல்லாருந்தாதான் நான் மேல இருக்க முடியும்" என்றார் அக்கா.

பூசை முடிந்து எல்லாரும் சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். தட்டுகளைக் கழுவ நான் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தபோது யாரும் இல்லை. மறுநாள் காலைவரை எந்தக் கணினியையும் யாரும் தட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். எட்டு எட்டாக இரண்டு துண்டு, நான் தேடிய அதே வகை, அக்காவின் கணினியில் இருந்தது. எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் சர்வரை ஏற்றிப் பார்த்துவிட்டு, காலையில் முதல் ஆளாக வந்து திரும்பப் போட்டுவிடலாம். சாயந்தரம் போஸ் வரும்போது மெமரி இருக்காதே என்று அப்போது தோன்றவில்லை. ஒருமுறை ஓடிவிட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்ற அளவில்தான் என் மூளை இருந்தது.

அதே வகைத் துண்டுகள் இன்னொரு கணினியிலும் இருந்தன. அது லோரி கிராணியுடையது. அதை நான் தொடவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் அவர் சத்தம் போடுவார், யார் கை வைத்தது என்று கேட்பார். அக்கா கேட்கமாட்டார். தன் கைதான் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வார். இது எனக்குத் தெரிந்துதான் அவருடைய பெட்டியைத் திறந்தேன். இந்த ஒரு விஷயத்தை எழுதுவதற்குத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

மூடியைக் கழற்றும்போது சந்தனம் விரலில் ஒட்டியது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் சர்வர் ஏறிவிட்டது. திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு நின்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது என்னங்க செய்யும்?"

"மத்த கம்ப்யூட்டருக்கெல்லாம் ஃபைல் கொடுக்கும்."

"மத்த கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழே காலுக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். கதவு திறந்திருந்தது. போஸ், அக்கா, லோரி கிராணி எல்லாரும் உள்ளே நின்றிருந்தார்கள். நல்ல நேரம் ஏழு மணிக்கே என்று முந்தின நாள் போஸ் சொல்லியிருக்கிறார். நான் பின்பக்கம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நேரம் அது. தேங்காய் உடைத்தாகிவிட்டது. நான்கு கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்காவுடையது மட்டும் இருட்டுத் திரையோடு பீப், பீப், பீப் என்று கத்திக்கொண்டிருந்தது.

இரண்டு துண்டுகளும் என் சட்டைப் பையில் இருந்தன.

"நேத்து நல்லாத்தானே அணைச்சேன்" என்றார் அக்கா. புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பீப் சத்தத்துக்கு அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"எப்படி ஓடும்? இத்தன சந்தனத்த அப்பினா?" போஸ் பெட்டியின் பக்கவாட்டைத் தடவி விரலைக் காட்டினார். "உள்ள ஒழுகியிருக்கு பாருங்க. பொட்டு வைக்கச் சொன்னா சுவத்துக்கு சாயம் அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கீங்க."

"சாமிக்கு வெச்சது போஸ்..."

"சாமி வந்து சரி பண்ணுவாரா?"

போஸ் என் பக்கம் திரும்பினார். "நீதான் வீட்டுல சர்வரே வெச்சிருக்கியே. என்னன்னு கொஞ்சம் பாரு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். பையிலிருந்து எடுத்த துண்டுகளைச் சரித்து வைத்து நிமிர்த்தினேன். கிளிக், கிளிக் என்று உட்கார்ந்தன. பீப் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது; அணைக்காமல் செருகுவது ஆபத்து என்று தெரிந்தும் அந்தச் சத்தத்துக்காகத்தான் அணைக்கவில்லை. அணைத்துவிட்டுப் போட்டதும் கணினி ஓடியது.

போஸ் கை தட்டினார். "டாக்டர் லா நீ! என்ன கோளாறு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"உள்ள... கொஞ்சம் ஈரம் போயிருந்துச்சு போஸ்."

பொய்யை நானாக முதலில் சொல்லவில்லை, அவர் சொன்னதைத் திருப்பித்தான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

"இனிமே உன் வீட்டுக்கு வேற வந்து பாக்கணுமா? சர்வர் உன் பொறுப்பு" என்று என் முதுகில் தட்டினார் போஸ். பிறகு அக்காவைப் பார்த்தார். கோபமாக இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். "அக்கா, நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

அக்கா தலையாட்டினார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தார். விஜயதசமிக்கு வீட்டில் செய்த சர்க்கரைப் பொங்கலை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். "சாப்பிடு தம்பி. நீ இல்லன்னா பெட்டியே போயிருக்கும். அப்புறம் என்னைய வேலைய விட்டே நிறுத்தியிருப்பாரு. இப்ப கீழயோட போச்சு."

"அக்கா..." என்றேன்.

"நான்தான் சந்தனத்த கெட்டியா இழைக்காம விட்டுட்டேன். அவசரத்துல தண்ணி கூடிப் போச்சு" என்றார்.

அவர் அதை அப்படியே நம்பினார். நான் வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? "நல்லாருக்குக்கா" என்றேன். பொங்கலைச் சொன்னேன். டப்பாவைக் கழுவிக் கொடுக்கிறேன் என்றதற்கு, வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் அக்காவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அவருடைய மேசையை நானும் லோரி கிராணியும் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, சர்வர் வைக்க இடம் அளந்தோம்.