மாமா கழற்றி வைத்த இருக்கை

சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு என்று பெயர். எந்தக் காலத்திலோ அந்தப் பக்கம் குதிரைப் பந்தயம் நடந்ததாம். எனக்கு விவரம் தெரிந்த எண்பதுகளில் அங்கே வேகமாக நடந்தவர்கள் எல்லாம் அங்கிருந்த சாப்பாட்டுக் கடைகளில் மீன்தலைக் கறி தீர்ந்துவிடுமோ என்று பயந்தவர்கள்தான். தெருவின் பெயரை மதித்துக் காரியம் செய்ய நினைத்த ஒரே ஆள் என் மாமா.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, எங்கள் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். அவரிடம் எத்தனையோ கை மாறி வந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சிவப்பு நிறம், துணிக்கூரை, இரண்டே இருக்கை. இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு பை வைக்கிற அளவுக்கு ஒரு திட்டு. மழை பெய்தால் வெளியே நிற்பவரைவிட உள்ளே இருப்பவர் கொஞ்சம் கூடுதலாக நனைவார். அப்பா அதைக் குளியல் தொட்டி என்பார். அம்மா எந்தப் பெயரும் சொல்ல மாட்டாள், "அது" என்பாள். அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதால் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

அந்த வருடம், பாலத்தைத் தாண்டினால் வரும் பக்கத்து நாட்டு ஜொகூரில் புதிதாக ஒரு பந்தயத் தடம் திறந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று மாமாவுக்குத் தகவல் வந்தது. கொண்டுவந்தவர் அவருடைய நண்பரான சீன மெக்கானிக்.

"ஜெயிச்சா கப் குடுப்பாங்களா மாமா?"

"போட்டியே இல்ல. சும்மா ஓட்டிட்டு வர்றது."

"அப்புறம் எதுக்கு ஓட்டணும்?"

"ஓட்டத்தான்."

இந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. அம்மாவுக்குப் போதவில்லை. காரணம், அதே சமயத்தில் எங்கள் மாதா கோயில் பங்கின் உபதேசியார் மாமாவுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தார். பெண் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. குடும்பம், ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள உட்லண்ட்ஸில். எல்லாம் பொருந்தி வந்ததில் ஒன்றுதான் இடித்தது. குடும்பம் நடத்துகிறவனுக்கு நாலு கதவு வைத்த கார் வேண்டும் என்று பெண்ணின் அப்பா சொல்லியனுப்பினார். நிச்சயமான வாரமே "அதை" விற்றுவிடுகிறோம் என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். மாமாவை அவள் கேட்கவில்லை. தம்பியைக் கேட்டுக்கொண்டு காரியம் செய்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவர்கள் வீடு பார்க்க வருவது ஒரு ஞாயிறு, பூசை முடிந்த பிறகு. தடத்தில் ஓட்டுவது அதற்கு அடுத்த ஞாயிறு. அதாவது பேச்சு முடிந்துவிட்டால் கார் ஜொகூரைப் பார்க்காமலே போய்விடும். இது எனக்கே தெரிந்திருந்தது. மாமா வாய் திறந்து மறுப்புச் சொல்லவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்சந்தில் காரைத் தயார் செய்துகொண்டிருந்தார். அம்மா அடுக்களை ஜன்னலிலிருந்து அதைப் பார்த்து, விற்பதற்குத்தான் சுத்தம் செய்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு காரைப் பந்தயத் தடத்துக்குத் தயார் செய்வது, கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கப் போகும் பிள்ளையைத் தயார் செய்வதுபோல என்று எனக்குத் தோன்றியது. சுத்தம், சோதனை, மறுபடி சுத்தம். பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினார்கள். சக்கரத்து நட்டுகளை ஒன்றுவிடாமல் இறுக்கினார்கள். முன்விளக்குகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினார்கள். கல் பட்டு உடைந்தால் கண்ணாடி தடத்தில் சிதறக் கூடாதாம். டேப் ஒட்டியதும் கார் சிலுவை போட்ட கண்களோடு பக்தியாகப் பார்த்தது.

பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க உள்ளே ஒருவர் மிதிக்க வேண்டும், வெளியே ஒருவர் திருகைத் திறந்து மூட வேண்டும். மிதிக்கிற வேலை எனக்கு. இருக்கையின் நுனிக்குச் சறுக்கி வந்தால்தான் கால் எட்டும்.

"மிதி. பிடிச்சுக்க. விடாத... இப்ப விடு."

"காத்து எப்படி மாமா உள்ள போச்சு?"

"உன்னை மாதிரிதான். கேள்வி கேட்டுக்கிட்டே போயிருக்கும்."

காருக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பதால் மிதியடி, குடை, பழைய பத்திரிகை எல்லாம் இறங்கின. முன்பலகையில் அம்மா ஒட்டியிருந்த அந்தோணியார் சுரூபத்தை மட்டும் மாமா தொடவில்லை. அவர் இறங்க வேண்டாமா என்று கேட்டேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவரைக் கீழே இறக்கிவிட்டு எங்கே போவது என்றார்.

வீடு பார்க்க வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா ஸ்பானரை எடுத்துப் பக்கத்து இருக்கையைக் கழற்ற ஆரம்பித்தார். மெக்கானிக் நண்பர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் தெருவிலேயே வளர்ந்தவர், அரைகுறைத் தமிழ் பேசுவார்.

"ஏய், சீட் எதுக்கு எடுக்கிற லா? அங்க யாரும் கேக்க மாட்டாங்க."

மாமா சிரித்தபடி அடுத்த நட்டில் ஸ்பானரை வைத்தார். நண்பரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே மறுபக்கம் பிடித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அது என் இருக்கை. அதில் உட்கார்ந்து ஜொகூர் போகலாம் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

"நான் எங்க உக்காருவேன்?"

மாமா குந்தி உட்கார்ந்து எனக்கு விளக்கினார். தேவையில்லாத கனம் எல்லாம் இறக்க வேண்டும். பக்கத்தில் ஆள் ஏறினால் வளைவில் கார் இழுக்கும். தனியாகப் போனால்தான் வேகம். திரும்பி வந்ததும் மறுபடி மாட்டிவிடலாம். "யாராச்சும் கேட்டா நீதான் எடுத்துச் சொல்லணும். உனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றும் சொன்னார். மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் மூன்று வாக்கியங்களையும் மனப்பாடம் செய்தேன். இருக்கையை மேலே தூக்கி வந்து கூடத்து மூலையில் வைத்து, அம்மாவின் கண்ணில் படாமல் ஒரு போர்வையால் மூடினார்கள்.

மறுநாள் பெண்ணும் அவள் அப்பா அம்மாவும் வந்தார்கள். அந்த அக்கா நீலப் புடவையில், என்னைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தார். அம்மா முறுக்குத் தட்டை நீட்டினாள். பெரியவர்கள் மழையைப் பற்றியும் புதுச் சாமியாரின் நீண்ட பிரசங்கத்தைப் பற்றியும் பேசினார்கள். கைகழுவ அடுக்களைக்குப் போன பெண்ணின் அப்பா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தபடி கேட்டார்.

"அதுதான் அந்தக் காரா? என்ன, ஒரு சீட்தான் இருக்கிற மாதிரி தெரியுது?"

என் நேரம் வந்துவிட்டது. கூடத்தின் நடுவே போய் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன்.

"தேவையில்லாத கனம் எல்லாம் இறக்கிட்டோம் அங்கிள். பக்கத்துல ஆள் ஏறினா வளைவுல கார் இழுக்கும். தனியா போனாத்தான் வேகம்."

முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் சட்டி இல்லாமலே நான் வறுபட்டிருப்பேன். மாமா மேலே சுற்றும் காற்றாடியை அன்றுதான் வாங்கி மாட்டியதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"உக்கார எடமே இல்லன்னா, எங்க பிள்ளைக்கு இங்க என்ன வேலை?"

அந்த அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு எழுந்து என் கையைப் பிடித்தார். "எனக்கு அந்தக் காரைக் காட்டறியா?"

நானும் அவரும் கீழே போனோம். போர் முடியவில்லை என்று நம்பிய அம்மா, மாமாவையும் பின்னாலேயே விரட்டிவிட்டாள். அந்த அக்கா என்னைப்போலவே கேள்வி கேட்கிறவர். விளக்கில் ஏன் டேப், நட்டு கழன்றால் என்ன ஆகும், பிரேக்கில் காற்று போனால் எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புடவையைச் சொருகிக்கொண்டு குனிந்து பார்த்தார். கடைசியில் பின்பக்க மூடியைத் திறக்கச் சொன்னார்.

"இந்த ஸ்பேர் டயர் கனமில்லையா?"

"வழியில பஞ்சர் ஆனா வேணும்ல அக்கா."

"அந்த ரேடியோ?"

"வழியில பாட்டு கேக்க."

இரண்டும் மாமா எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்த பதில்கள். அந்த அக்கா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

"அப்ப வழியில ஆள்தான் வேணாம்."

மாமாவின் காது சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். குனிந்து பின்பக்க மூடியைச் சாத்தினார்.

"எங்க வீட்டு ஜன்னல்ல நின்னா ஜொகூர் பாலம் தெரியும்" என்றார் அந்த அக்கா. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வண்டியெல்லாம் நின்னது நின்னபடி நிக்கும். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம என்ன பண்ணுவீங்கன்னு நினைச்சேன். நல்லா ஓட்டிட்டு வாங்க."

சம்பந்தம் அன்றோடு முறிந்தது. உபதேசியார் இரண்டு பக்கமும் முகம் கொடுக்க முடியாமல் கொஞ்ச நாள் வேறு பூசைக்குப் போனார். அம்மா மாமாவிடம் பேசவில்லை, என்னிடம் பேசியே தீர்த்தாள். "ஊமையா இருந்தா என்னடி உனக்கு?" மாமா எனக்குத் துருவிய ஐஸில் சர்பத் ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். ஒரு கல்யாணத்தைக் கெடுத்ததற்கு ஏன் ஐஸ் கச்சாங் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கரைந்துவிடும்.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் மாமா தனியாகப் புறப்பட்டுப் போனார். இருட்டிய பிறகுதான் திரும்பினார். முகமெல்லாம் வெயில், உடம்பெல்லாம் பெட்ரோல் வாடை. எப்படி ஓடியது, எத்தனை வேகம், யாரை முந்தினீர்கள் என்று வாசலிலேயே மடக்கினேன். நன்றாக ஓடியது என்றார். காத்திருந்த எனக்கு அது அநியாயமாக இருந்தது. தடத்தைப் பற்றி ஒரு வரி, பாலத்தைப் பற்றித்தான் பத்து வரி. ஓட்டிய நேரத்தைவிடப் பாலத்தில் நின்ற நேரம் அதிகமாம். பேச ஆள் இல்லாமல் அந்தோணியாரிடம் பேசினாராம். பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ் வந்ததும் கார் கொதித்து, புகை கக்கி நின்றுவிட்டதாம்.

பக்கத்து இருக்கை இருந்த வெற்றிடத்தில் ஆரஞ்சு நிறத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று கிடந்தது. எங்கள் வீட்டுப் போத்தல் இல்லை.

"இது யாரோடது மாமா?"

"ரேடியேட்டர்ல ஊத்தத் தண்ணி வேணும்ல. அங்க ஒருத்தங்க ஜன்னல்லேருந்து பாத்துட்டு எறங்கி வந்து குடுத்தாங்க. திருப்பிக் குடுக்கணும்."

அந்தச் சனிக்கிழமை மாமா போர்வையை விலக்கி இருக்கையை எடுத்தார். தட்டித் துடைத்தார். கீழே கொண்டுபோய் மாட்டி, நட்டுகளை இறுக்கி, அசைகிறதா என்று பார்த்து, மறுபடி இறுக்கினார். கொடுத்த வாக்கை மாமா காப்பாற்றுகிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. போத்தலைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்றார். அதற்கு எதற்குச் சட்டையை இஸ்திரி போட வேண்டும் என்பது தெரியவில்லை. மடியில் போத்தலோடு, ராணி மாதிரி நகரத்து நடுவில் இருக்கும் டோபி காட் வரை போனேன்.

அங்கே பேருந்து நிறுத்தத்தில் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். காருக்குள் எட்டிப் பார்த்து, "சீட் வந்துடுச்சே" என்றார். மாமா இறங்கிப் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். எனக்கு இதுவரை அவர் கதவு திறந்துவிட்டதே இல்லை. என்னைப் பின்னால் இருந்த திட்டில் ஏறச் சொன்னார். முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, எனக்கு வந்த கோபத்தில் கேட்டேன்.

"கனம் கூடுமே மாமா?"

"கூடட்டும்" என்றார். மேற்கொண்டு விளக்கம் கிடைக்கவில்லை. கார் அன்று ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. பின்னால் வந்த டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் போத்தல் என் மடியிலேயே இருந்தது. கொடுக்க மறந்துவிட்டோமே என்று பதறினேன். பரவாயில்லை, அடுத்த சனிக்கிழமை கொடுத்துவிடலாம் என்றார் மாமா. அடுத்த சனிக்கிழமையும் போனோம், அன்றும் மறந்துவிட்டார். அதற்கடுத்த வாரம் என்னை விட்டுவிட்டே போனார், போத்தலையும் வீட்டிலேயே வைத்துவிட்டார். நான் அதைத் தூக்கிக்கொண்டு சந்து முனை வரைக்கும் காரின் பின்னால் கத்திக்கொண்டே ஓடினேன். மாமாவுக்கும் அந்த அக்காவுக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசிக்கப்பட்டபோதும் அந்தப் போத்தல் எங்கள் அடுக்களையில்தான் இருந்தது. ஒரு பந்தயக் காரைத் தயார் செய்யத் தெரிந்த மனிதருக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலை உரியவரிடம் சேர்க்கத் தெரியவில்லையே என்று, பூசை நேரம் முழுவதும் மாமாவை நினைத்து எனக்குக் கவலையாக இருந்தது.